தங்கையைப் பறித்த நோயை எதிர்த்து நின்ற டாக்டர் அம்மா

காஞ்சிபுரத்துக்குப் பட்டு வாங்க வருகிறவர்கள் கோயிலுக்குப் போவார்கள். கடைத் தெருவுக்குப் போவார்கள். ஊருக்கு வெளியே உள்ள காரைப்பேட்டைக்குப் போகிறவர்களின் கையில் சேலைப் பெட்டி இருக்காது. எக்ஸ்ரே படம் இருக்கும்.

காரைப்பேட்டையில் இருப்பது புற்றுநோய் ஆஸ்பத்திரி. 1969-ம் ஆண்டு ஏற்பட்டது. அறிஞர் அண்ணாவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டிருக்கிறது.

அண்ணா காஞ்சிபுரத்துப் பிள்ளை. 1909-ம் ஆண்டு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். அவர் முதல்-மந்திரியாக இருந்தபோது, 1968-ம் ஆண்டு செப்டம்பரில், உணவுக்குழாயில் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. அவருக்குப் புகையிலை போடும் பழக்கம் உண்டு. அமெரிக்காவுக்குப் போனார். நியூயார்க் நகரில் டாக்டர் மில்லர் ஆபரேஷன் செய்தார். ஊர் திரும்பி, சில மாதங்கள்தான் இருந்தார். நோய் மறுபடியும் தலை தூக்கிற்று.

1969 பிப்ரவரி 3-ந் தேதி, சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் அவர் உயிர் பிரிந்தது.

அந்த அடையாறு ஆஸ்பத்திரியை உண்டாக்கியவர் ஒரு பெண். அவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய கதைதான் இது.

சலவைக் கணக்கு எழுதினால் போதும்

1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி, புதுக்கோட்டை சமஸ்தானத்தில் முத்துலட்சுமி பிறந்தார்.

தந்தை நாராயணசாமி அய்யர். மகாராஜா கல்லூரியின் தலைவராக இருந்தவர். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். அந்தக் காலத்தில் இப்படி ஒரு கலியாணத்தை ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அய்யரின் உறவினர்கள் அவரை ஒதுக்கி வைத்தார்கள்.

(இங்கே ஒரு சிறு செய்தி. நடிகர் ஜெமினி கணேசனுக்கு இந்த முத்துலட்சுமி அத்தை முறை.)

பெண் பள்ளிக்கூடம் போனாள். வண்ணானுக்குப் போட்ட துணிக் கணக்கை எழுதத் தெரிந்தால் போதும், தமிழ் மட்டும் சொல்லிக் கொடுங்கள் என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டார் தந்தை. வாத்தியார் கேட்கவில்லை. வீட்டுக்குத் தெரியாமல் இங்கிலீஷும் சொல்லிக் கொடுத்தார். அந்த வாத்தியார் மட்டும் சொன்னபடி நடந்திருந்தால், நம் நாட்டுக்கு ஒரு டாக்டர் குறைந்திருப்பார்.

பெண் வயதுக்கு வந்ததும் படிப்பு நின்றது. தாய் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார். மகள் பிடிவாதமாக மறுத்துவிட்டார். மகளின் புத்தியைக் கண்ட தந்தையும் மனம் மாறி, வீட்டிலேயே பாடம் நடத்தினார். தனியாக எழுதி மெட்ரிகுலேஷன் தேறினார் முத்துலட்சுமி.

மேலே படிக்க வேண்டும். உள்ளூரில் இருந்தது மகாராஜா கல்லூரி ஒன்றுதான். அது பையன்கள் படிக்கும் கல்லூரி. பெண்ணைச் சேர்த்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்புக் கிளம்பிற்று. அதிலும் தாசி வீட்டுப் பெண் என்ற பேச்சு வேறு.

மகாராஜா தொண்டைமான் இதற்கெல்லாம் காது கொடுக்கவில்லை. சேர்த்துக்கொள்ளுங்கள் என்று உத்தரவு போட்டார். மூடு வண்டியில் கல்லூரிக்குப் போய், திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தார் அந்தப் பெண்.

வைத்தியக் கல்லூரியில்

1907-ம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அந்தக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்தது 1875-ம் ஆண்டிலேயே. மேரி ஷார்லீப் என்ற வெள்ளைக்காரப் பெண்மணியும் வேறு 3 பெண்களும் அப்போது சேர்ந்தார்கள். உலகத்தில் பல பெரிய நாடுகள்கூட அன்று பெண்களை வைத்தியம் படிக்க விடவில்லை. ஆனால் கதவு திறந்து 32 வருஷம் ஆன பிறகும், நம் ஊர்ப் பெண்கள் உள்ளே போனது விரல் விட்டு எண்ணும்படிதான் இருந்தது.

பெண் டாக்டர் இல்லாததால் என்ன ஆயிற்று? ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்டக் கூசிப் பெண்கள் நோயை மறைத்தார்கள். பிரசவம் சிக்கலானால் வீட்டிலேயே செத்தார்கள். வைத்தியம் கற்கும் வாய்ப்பை ஒரு பாதி ஜனங்களுக்கு மூடினால், வைத்தியம் பெறும் வாய்ப்பும் அந்தப் பாதிக்கு மூடிப்போகிறது.

முத்துலட்சுமிக்குச் சிறு வயதிலிருந்தே உடம்பு திடமில்லை. மூச்சிரைப்பு உண்டு. கண் பார்வையும் மங்கல். அப்படியிருந்தும் 1912-ம் ஆண்டு பதக்கங்களோடு தேறினார். பெண்ணால் கத்தி பிடிக்க முடியுமா என்று கேட்டிருந்த காலத்தில், ரண சிகிச்சைப் பாடத்தில் முதலாவதாக வந்தார். எழும்பூர் பெண்கள், குழந்தைகள் ஆஸ்பத்திரியில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனாக அமர்ந்தார்.

1914-ம் ஆண்டு டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்பே பேசிக்கொண்டு செய்த கலியாணம் அது. சுந்தர ரெட்டி வாக்குத் தவறவில்லை.

சீதபேதி என்றார்கள்

இனிதான் கதையின் திருப்பம்.

முத்துலட்சுமிக்கு ஒரு தங்கை. அவளுக்கு வயிற்றில் கோளாறு ஏற்பட்டது. மலத்தோடு ரத்தம் போயிற்று. டாக்டர்கள் பார்த்தார்கள். சீதபேதி என்றார்கள். அதற்கான மருந்தைக் கொடுத்தார்கள்.

நோய் சீதபேதி அல்ல. மலக்குடலில் புற்று. உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. சின்ன வயதிலேயே தங்கை இறந்தாள். அக்காள் டாக்டர். அத்தான் டாக்டர். ஊரில் பெரிய கல்லூரியும் பெரிய ஆஸ்பத்திரியும் இருந்தன. இருந்தும் பயன் இல்லை.

இதில் யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. நம் நாட்டில் சீதபேதி அன்றாடம் காண்கிற நோய். மலத்தில் ரத்தம் என்றால் டாக்டரின் மனம் அங்கேதான் போகும். புற்றுநோயைத் தேடிப் பார்க்க அன்றைய டாக்டர்களுக்குத் தனிப் பயிற்சி கிடையாது. அதைக் கற்றுத்தரத் தென்னாட்டில் ஓர் இடமும் கிடையாது.

புற்றுநோய் எப்படி வருகிறது? நம் உடம்பு கோடானுகோடி உயிரணுக்களால் நெய்யப்பட்டது. பழையது தேயத் தேய, வேண்டிய அளவுக்குப் புதியது உண்டாகும். எங்கோ ஓர் அணு கட்டுப்பாட்டை மீறி ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருகிக்கொண்டே போனால் அதுதான் புற்று. ஒரே இடத்தில் இருக்கும்போது வெட்டி எடுக்கலாம், கதிரால் எரிக்கலாம். ரத்தத்தோடு கலந்து வேறு இடங்களுக்குப் பரவிவிட்டால் பிடிப்பது மிகவும் கடினம். ஆரம்பத்தில் வலி இருப்பதில்லை. ஆகவே யாரும் டாக்டரிடம் வருவதில்லை.

தங்கையின் சாவு முத்துலட்சுமியின் மனத்தில் முள்ளாகத் தைத்தது. 1925-ம் ஆண்டு மேல்படிப்புக்காக லண்டன் போனார். பெண்கள், குழந்தைகளின் நோய்களைப் பற்றிப் படித்ததோடு நிற்கவில்லை. அங்கே இருந்த புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் போய்ப் பழகினார். இப்படி ஒன்று நம் ஊரில் வேண்டும் என்ற எண்ணம் அவரோடு கப்பல் ஏறி வந்தது.

சட்டசபையில் டாக்டர்

ஆனால் அந்த எண்ணம் நிறைவேற ஏறக்குறைய 30 வருஷம் ஆயிற்று. நடுவில் வேறு வேலைகள் அவரை இழுத்துக்கொண்டன.

1927-ம் ஆண்டு சென்னை சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அதில் அவர்தான் முதல் பெண் உறுப்பினர். சபை ஒருமனதாக அவரை உபதலைவராகவும் தேர்ந்தெடுத்தது. பள்ளிப் பிள்ளைகளை டாக்டர்கள் சோதித்துப் பார்க்க வேண்டும், குழந்தைகளுக்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டும், பெண்களின் கலியாண வயதை உயர்த்த வேண்டும் என்று வாதாடினார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய போராட்டம் தேவதாசி முறையை ஒழிப்பது. காஞ்சிபுரம் போன்ற கோயில் ஊர்களில் சிறு பெண்களுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கம் பல நூறு ஆண்டுகளாக வேரூன்றி இருந்தது. அது தெய்வ கைங்கரியம், கலையைக் காக்கும் ஏற்பாடு என்று படித்தவர்களே வாதிட்டார்கள். முத்துலட்சுமி டாக்டராகவும் பேசினார், தாய் வழியில் அந்த மரபைச் சேர்ந்தவராகவும் பேசினார். தாசிகளின் மானிய நிலங்களைக் கோயில் ஊழியக் கட்டாயத்திலிருந்து விடுவிக்கும் சட்டம் 1929-ம் ஆண்டு வந்தது. பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் சட்டம் 1947-ம் ஆண்டுதான் நிறைவேறியது.

உப்பு சத்தியாக்கிரகத்தில் காந்தியடிகள் கைதானதும், 1930-ம் ஆண்டு பதவியை உதறினார். அதே வருஷம், தாசி வாழ்க்கையிலிருந்து தப்பி வந்த பெண்களை விடுதிகள் ஏற்க மறுத்தன. முத்துலட்சுமி தம் வீட்டையே திறந்துவிட்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் அவ்வை இல்லம்.

சாகப் போகிறவர்களுக்கு ஆஸ்பத்திரியா?

1935-ம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரிக்கு நூற்றாண்டு விழா. தாம் படித்த கல்லூரியின் விழாவில், புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று முத்துலட்சுமி எடுத்துச் சொன்னார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். காரியம் நடக்கவில்லை.

சென்னை பெரிய ஆஸ்பத்திரியை ஒட்டி, கதிர் சிகிச்சைக்கான பர்னார்டு நிலையம் 1934 முதல் இருந்தது. பம்பாயில் டாட்டா ஆஸ்பத்திரி 1941-ம் ஆண்டு வந்தது. தென்னாட்டில் புற்றுநோய்க்கென்றே ஓர் ஆஸ்பத்திரி வரவில்லை.

அவர் மந்திரிகளிடம் நடந்தார். புற்றுநோய் வந்தவர்கள் எப்படியும் சாகத்தானே போகிறார்கள், அவர்களுக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று சுகாதார மந்திரியே கேட்டதாகச் சொல்வார்கள். கேட்டவரை மட்டும் நோவானேன்? அன்றைக்குப் பெரும்பாலான ஜனங்களின் எண்ணமும் அதுதான். புற்று என்ற சொல்லைக்கூட வீட்டில் உரக்கச் சொல்லமாட்டார்கள்.

அரசாங்கத்தை நம்பிப் பயனில்லை என்று கண்டு, 1949-ம் ஆண்டு இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு நிதி திரட்டக் கிளம்பினார். அப்போது அவருக்கு வயது 60-க்கு மேல். பேரன் பேத்திகளைக் கொஞ்சும் வயதில், வீடு வீடாகப் படி ஏறி இறங்கினார்.

மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, வெளிநாடு போய்ப் புற்றுநோய் வைத்தியத்தில் பயிற்சி பெற்று வந்திருந்தார். அம்மா பணத்துக்கு நடந்தார். மகன் ஆஸ்பத்திரியைத் திட்டமிட்டார்.

1952-ம் ஆண்டு அக்டோபரில் பிரதமர் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ந் தேதி அடையாறில் வேலை ஆரம்பமாயிற்று.

பெரிய கட்டிடம் என்று எண்ணிவிடாதீர்கள். 12 படுக்கைகள். 2 டாக்டர்கள். 2 நர்சுகள். அவ்வளவுதான்.

மறு வருஷம் சாந்தா என்ற இளம் டாக்டர் வந்து சேர்ந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் நல்ல வேலை கிடைத்திருந்தும் அதை வேண்டாம் என்று விட்டு வந்தார். ஏன் இந்தப் பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தவர்கள் கேட்டார்கள். 2021 ஜனவரியில் 93-வது வயதில் இறக்கும்வரை அவர் அந்த ஆஸ்பத்திரியை விட்டுப் போகவில்லை.

1957-ம் ஆண்டு கோபால்ட் கதிர்க் கருவி வந்தது. உடம்பின் உள்ளே ஆழத்தில் இருக்கும் புற்றையும், தோலை அதிகம் புண்ணாக்காமல் தாக்கக்கூடிய கருவி. நாட்டில் முதன்முதலாக வந்த அத்தகைய கருவிகளில் அதுவும் ஒன்று.

பயிற்சிக்கு ஓர் இடம்

1956-ம் ஆண்டு இந்திய சர்க்கார் அம்மையாருக்குப் பத்மபூஷண் பட்டம் அளித்தது. 1968 ஜூலை 22-ந் தேதி அவர் காலமானார். இன்னும் 8 நாள் இருந்திருந்தால் 82 வயது நிறைந்திருக்கும். இரண்டே மாதத்துக்குள், அண்ணாவின் நோய் வெளிப்பட்டது.

தங்கை இறந்தபோது இல்லாமல் போன இன்னொன்றும் பிறகு வந்தது. 1984-ம் ஆண்டு அடையாறில், முத்துலட்சுமி பெயரிலேயே புற்றுநோய் வைத்தியக் கல்லூரி தொடங்கிற்று. ஏற்கனவே டாக்டரானவர்கள் அங்கே சேர்ந்து, புற்றை மருந்தால் தாக்குவதையும் கத்தியால் அகற்றுவதையும் தனிப் படிப்பாகப் படிக்கிறார்கள். அப்படிப்பட்ட உயர்படிப்பு இந்தியாவில் முதலில் தொடங்கிய இடங்களில் அதுவும் ஒன்று.

சென்னையில் யாருக்கு, எந்த இடத்தில் புற்று வருகிறது என்று 1982 முதல் கணக்கு எடுத்தும் வருகிறார்கள். இந்தக் கணக்கினால் பல விஷயங்கள் வெளியாயின. முன்பெல்லாம் பெண்களுக்குக் கருப்பை வாயில் வரும் புற்றுதான் அதிகம். அது குறைந்து வந்து, மார்பில் வரும் புற்று முன்னால் வந்துவிட்டது. எங்கே சோதனை முகாம் போட வேண்டும், எதைத் தேட வேண்டும் என்று இந்தக் கணக்கை வைத்துத்தான் தீர்மானிக்க முடிகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிடம் கண்ணுக்குத் தெரியும். கணக்கு எழுதுகிறவர்களை யாருக்கும் தெரியாது. அதையும் இங்கே சொல்லி வைக்கிறோம்.

அண்ணா மறைந்த அதே 1969-ல் காரைப்பேட்டை ஆஸ்பத்திரி வந்ததால், காஞ்சிபுரத்துத் தறிக்காரர்களும் சுற்று வட்டாரத்து விவசாயிகளும் ஒவ்வொரு முறையும் பட்டணம் போய்க் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. கூலியை இழந்து, பஸ் செலவு செய்து, சத்திரத்தில் தங்கி வைத்தியம் பார்ப்பது ஏழைக்குச் சாத்தியமா? பாதியில் விட்டுவிடுவார்கள். பாதியில் விட்ட கதிர் சிகிச்சையால் நோய் தீராது.

வாயில் ஆறாத புண், மார்பில் கட்டி, காலம் தப்பிய ரத்தப் போக்கு, விழுங்கும்போது அடைப்பு. காரைப்பேட்டை ஆனாலும் அடையாறு ஆனாலும் டாக்டர்கள் இன்றைக்கும் முதலில் கேட்கிற கேள்வி, எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்பதுதான்.

தமிழ்நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஜூலை 30-ந் தேதியை மருத்துவமனை தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஏழைக் கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் முத்துலட்சுமியின் பெயர்தான். பின்னர் அந்த உதவி 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டிலிருந்து, உண்டாகியிருக்கும் பெண் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் நிரப்பும் விண்ணப்பத்தின் தலைப்பிலே அந்தப் பெயர் இருக்கிறது.