ராவ் சாகிப் மு. ஆபிரகாம் பண்டிதர்

பிணி தீர்க்கும் தொழிலை மேற்கொண்டோர் சிலர், பின்னர் நூல் இயற்றும் துறையிற் புகுந்து நிலைத்த புகழ் எய்தியமை உலக சரித்திரத்திற் காணப்படுவதாம். உருஷிய நாட்டுச் செகாவ் (1860–1904) மருத்துவராய்ப் பயின்றவர். ஆயினும் சிறுகதைக்கும் நாடகத்துக்கும் ஆசிரியராகவே உலகம் அவரை அறியும். எஸ்தோனியா நாட்டில் மனநோய் மருத்துவராயிருந்த வைனோ வாகிங் (1940–2008) என்பவரும் அங்ஙனமே கதையும் நாடகமும் எழுதி அந்நாட்டு இலக்கியத்தில் இடம் பெற்றார். இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்க ஒருவரை நம் தமிழ்நாடும் அளித்துள்ளது. அவரே தஞ்சை ராவ் சாகிப் மு. ஆபிரகாம் பண்டிதர். பள்ளியாசிரியராய்த் தொடங்கி, சித்த வைத்தியராய்ச் செழித்து, இறுதியில் இசைத்தமிழின் பழமையை நிலைநாட்டும் பெருநூலொன்றைத் தம் பொருளெல்லாம் செலவிட்டு இயற்றிய அப்பெரியாரின் வரலாறு, மாணவராகிய நமக்கு மிகவும் பயன்படுவதாகும்.

பிறப்பும் கல்வியும்

ஆபிரகாம் பண்டிதர் 1859-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2-ஆம் நாள், சாம்பவர் வடகரை என்னும் சிற்றூரில் முத்துசாமி என்பாருக்கும் அன்னம்மாளுக்கும் மகனாய்ப் பிறந்தார். அவ்வூர் இன்று தென்காசி மாவட்டத்தைச் சார்ந்தது. அக்காலத்திலோ அது திருநெல்வேலி ஜில்லாவில் அடங்கியிருந்தது. நம் சாத்தூர், சிவகாசி, திருவில்லிபுத்தூர்ப் பகுதிகளும் அப்போது அந்த ஜில்லாவைச் சேர்ந்தனவே. 1910-ஆம் ஆண்டில் இராமநாதபுரம் ஜில்லா அமைந்தபொழுதுதான் அவை பிரிந்தன. ஆதலின் பண்டிதரை நம் நாட்டார் என்று உரிமையோடு கூறுதற்குத் தடையில்லை. நம் மாவட்டத்தின் மேற்கெல்லையில் நீலநிறமாய்த் தோன்றும் மலைத்தொடரே, தெற்கே சென்று அவருடைய ஊருக்கும் மேற்கெல்லையாய் நிற்கின்றது.

செல்வக் குடியில் அவர் பிறந்தாரல்லர். கிறிஸ்தவ மிஷன் பள்ளிகளே அவருக்குக் கல்விக்கண் திறந்தன. திண்டுக்கல்லில் இருந்த உபாத்தியாயர் பயிற்சிப் பாடசாலையிற் சேர்ந்து பயின்று, ஆசிரியர் தொழிலுக்குத் தகுதி பெற்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். பாடநூலோடு நின்றுவிடாது, கண்ட கலைகளையெல்லாம் கற்கவேண்டும் என்னும் வேட்கை இளமையிலேயே அவர்பால் மிக்கிருந்தது. சோதிடம், புகைப்படக் கலை, அச்சுத் தொழில், நாட்டு வைத்தியம் ஆகியவற்றில் அவர் மனம் ஈடுபட்டது. திண்டுக்கல் சடையாண்டிப் பத்தரிடம் பிடில் வாத்தியமும் பயின்றார். இவற்றுள் வைத்தியம் பின்னர் அவருக்குச் செல்வத்தை அளித்தது. இசை அச்செல்வத்தை வாங்கிக்கொண்டு புகழை அளித்தது.

சுருளிமலை

சித்த வைத்தியத்தை ஏடுகளிற் படித்தல் மட்டும் அவருக்கு நிறைவு தரவில்லை. மூலிகைகளை அவை வளரும் இடத்திலேயே கண்டறிய விரும்பி, கம்பம் பள்ளத்தாக்கின் அருகேயுள்ள சுருளிமலைக்குச் சென்றார். ஆங்குக் கருணானந்தர் என்னும் துறவியைக் கண்டு பணிந்து, அவரிடம் மருந்து முறைகள் பலவற்றை உபதேசமாகப் பெற்றார் என்பது அவர் வரலாற்றில் வழங்கும் செய்தி. கிறிஸ்தவராகிய இவர் மலைவாழ் முனிவர் ஒருவரைக் குருவாகக் கொண்டதும், அந்நன்றியை வாழ்நாள் முழுவதும் மறவாதிருந்ததும் நாம் கருதத்தக்கன. அவர் செய்த மருந்து கருணானந்தர் சஞ்சீவி. அவர் அமைத்த தோட்டம் கருணானந்தபுரம். அவர் இயற்றிய நூல் கருணாமிர்த சாகரம். தம் பெயரை எதற்கும் இடாது, குருவின் பெயரை நினைவூட்டும் சொல்லையே எல்லாவற்றிற்கும் இட்டுச் சென்றார்.

தஞ்சை வாழ்க்கை

1882-ஆம் ஆண்டில் ஞானவடிவு பொன்னம்மாள் என்னும் அம்மையாரை மணந்தார். அடுத்த ஆண்டில் இருவரும் தஞ்சை சென்று, லேடி நேப்பியர் பெண்கள் பாடசாலையில் ஆசிரியப் பணி ஏற்றனர். பகலிற் பள்ளியும் மற்ற வேளையில் வைத்தியமுமாகச் சில ஆண்டுகள் கழிந்தன. பிணியாளர் தொகை பெருகவே, 1890-ஆம் ஆண்டில் பள்ளிப் பணியை விடுத்து, வைத்தியத்தையே முழுத் தொழிலாக மேற்கொண்டார். மாதந்தோறும் தவறாது வரும் சம்பளத்தைத் துறந்து, வருவது உறுதியில்லாத ஒரு தொழிலில் இறங்குதற்குத் துணிவு வேண்டும். அம்மையாரும் வைத்தியத்திற் பழகியவராதலின், அத்துணிவுக்கு உற்ற துணையாயினார்.

சஞ்சீவி மருந்துகளின் பெயர் விரைவிற் பரவிற்று. தமிழ்நாடு மட்டுமன்றி, இலங்கை, பர்மா முதலிய கடல்கடந்த நாடுகளிலும் அவை விலையாயின. அதனால் வந்த பொருளைக் கொண்டு தஞ்சை நகருக்கு வெளியே பரந்த நிலத்தை வாங்கி, அதைக் கருணானந்தபுரம் என்னும் தோட்டமாக்கினார். மக்கள் அதனைப் பண்டிதர் தோட்டம் என்றே வழங்கினர். மருந்துக்குரிய மூலிகைகளோடு, கரும்பு முதலிய பயிர்களையும் புதுமுறையில் விளைவித்து, விவசாயப் பொருட்காட்சிகளிற் பரிசு பெற்றார். சென்னை மாகாணத்துக் கவர்னராயிருந்த சர் ஆர்தர் லாலி அத்தோட்டத்தைப் பார்வையிட்டார். 1909-ஆம் ஆண்டில் ராவ் சாகிப் என்னும் பட்டமும் பண்டிதருக்குக் கிடைத்தது. தஞ்சையில் அவர் நிறுவிய மின்சார அச்சுக்கூடம் லாலி பெயராலேயே வழங்கிற்று. சிவகாசியில் அச்சுத் தொழில் தழைப்பதற்குப் பல்லாண்டு முன்னரே, மின்விசையால் இயங்கும் அச்சுக்கூடம் ஒன்றைத் தம் நூலின் பொருட்டு ஒரு வைத்தியர் வைத்திருந்தார் என்பது அச்சுத் தொழிலை அறிந்த நம் ஊராருக்கு வியப்பளிக்கும்.

இசையில் எழுந்த ஐயம்

ஐம்பது வயதை எட்டும் நிலையில், பொருளும் பட்டமும் பெற்று, ஓய்ந்திருத்தற்கு எல்லா வசதியும் உடையவராய் இருந்த காலத்தே, அவர் உள்ளத்தை ஓர் ஐயம் பற்றிக்கொண்டது. அவர் இசையைப் பிறருக்கும் கற்பித்து வந்தார். பயில்வோர் பொருள் உணர்ந்து பாடும்பொருட்டுத் தமிழிலேயே தொண்ணூற்றுக்கு மேற்பட்ட உருப்படிகளை அமைத்து, கருணாமிர்த சாகரத் திரட்டு என்னும் நூலாக 1907-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அங்ஙனம் கற்பிக்குங்கால், ஒரு ஸ்தாயியில் அடங்கிய சுருதிகள் எத்தனை என்னும் வினா எழுந்தது.

பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய சாரங்கதேவர் தம் சங்கீத ரத்னாகரத்தில் சுருதி இருபத்திரண்டு என்றார். வித்துவான்கள் யாவரும் அதனையே ஓதி வந்தனர். ஆயின் அவ்விருபத்திரண்டையும் வீணையில் வைத்துக் காட்டுக என்றால், ஒருவர் காட்டியதுபோல் மற்றொருவர் காட்டவில்லை. பாட்டில் வழங்கும் சுரங்களோ அக்கணக்குக்குள் அடங்கவில்லை. வைத்தியத்தில் ஏட்டுச் சொல்லைப் பிணியாளரின் உடலோடு ஒப்பிட்டே கொள்ளவேண்டும் என்று பழகிய பண்டிதர், இசையிலும் நூலின் சொல்லைச் செவியோடும் கணிதத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினார்.

1911-ஆம் ஆண்டில் அவருடைய வாழ்க்கைத் துணைவியார் காலஞ்சென்றார். அத்துயரின் பின்னும் அவர் எடுத்த காரியத்தை விடவில்லை. மறு ஆண்டிலேயே சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, 1912 மே மாதம் 27-ஆம் நாள் அதன் முதல் மகாநாட்டைத் தஞ்சையிற் கூட்டினார். 1916-ஆம் ஆண்டுவரை ஏழு மகாநாடுகள் நடைபெற்றன. வித்துவான்களை வரவழைத்து, உபசரித்து, வாதங்களைக் கேட்டு, அவற்றை அச்சிட்டு வழங்கும் செலவு முழுவதும் அவருடைய கைப்பொருளே. அரசாங்கமோ சமஸ்தானமோ செய்யவேண்டிய காரியத்தை ஒரு தனி மனிதர் மருந்து விற்ற பணத்தால் நடத்தினார்.

அவர் கண்ட முடிவு

பண்டிதர் கண்ட முடிவைச் சுருங்கக் கூறுவோம். உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1892-ஆம் ஆண்டிற் சிலப்பதிகாரத்தைப் பழைய உரைகளோடு பதிப்பித்திருந்தார். அந்நூலின் அரங்கேற்று காதையிலும் ஆய்ச்சியர் குரவையிலும் வரும் இசைச் செய்திகளையும், அடியார்க்கு நல்லார் உரையையும் பண்டிதர் எழுத்தெண்ணிக் கற்றார். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைக்கும் முறையே நான்கு, நான்கு, மூன்று, இரண்டு, நான்கு, மூன்று, இரண்டு என அலகு கூறப்பட்டுள்ளது. கூட்டினால் இருபத்திரண்டு வரும். ஆயினும் பன்னிரண்டு இராசி வீடுகளில் வைத்துக் கூறப்படும் வட்டப்பாலையில், ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு அலகாக இருபத்து நான்கு வருதலே முறை என்றும், கைக்கிளையிலும் விளரியிலும் ஒவ்வோர் அலகு குறைத்து வழங்கியதே இருபத்திரண்டு என்னும் கணக்குக்குக் காரணம் என்றும் அவர் துணிந்தார்.

இதற்குக் கணிதமும் துணையாயிற்று. சட்ஜத்தினின்று பஞ்சமம், அப்பஞ்சமத்தினின்று அதன் பஞ்சமம் என்று பன்னிரண்டு முறை சென்றால், ஏழு ஸ்தாயி கடந்து தொடங்கிய சுரத்திலேயே முடிதல் வேண்டும். பஞ்சமத்தின் அளவு ஒன்றரை எனக் கொண்டால், பன்னிரண்டு முறை பெருக்கிய தொகை ஏறத்தாழ 129.75 ஆகின்றது, ஏழு ஸ்தாயியின் தொகையோ 128 தான். ஆகவே வட்டம் மூடுவதில்லை. பஞ்சமத்தை ஒன்றரையினும் மிகச் சிறிதளவு குறைத்து, ஸ்தாயியைச் சம பாகங்களாக வகுத்தால் வட்டம் செவ்வனே மூடும். இச்சமப் பகுப்பே பழந்தமிழர் கையாண்டது என்பது பண்டிதர் கொள்கை. ஆயப்பாலையிற் பன்னிரண்டு, வட்டப்பாலையில் இருபத்து நான்கு, திரிகோணப்பாலையில் நாற்பத்தெட்டு, சதுரப்பாலையில் தொண்ணூற்றாறு என நுட்பம் ஏறிச் செல்லும் முறையையும் அவர் விளக்கினார்.

இதன் பயனாக அவர் நிலைநாட்ட முயன்றது யாதெனின், இன்று கர்நாடக சங்கீதம் என வழங்குவது பழந்தமிழ் இசையின் வழிவந்ததே என்பதாம். கீர்த்தனங்களிற் பெரும்பாலானவை தெலுங்கிலும் வடமொழியிலும் பாடப்பட்ட காலத்தில், தஞ்சையின் நடுவே இருந்துகொண்டு, பரம்பரைச் சங்கீத வித்துவானல்லாத ஒருவர் இதனைக் கூறுதல் எளிதன்று. வைத்தியருக்குச் சுருதிக் கணக்கு எதற்கு என்று ஒதுக்கிவிடுதல் கற்றோர்க்கு எளிதாயிருந்தது. அங்ஙனம் ஒதுக்கவொண்ணாதபடி, எதிர்க்கட்சியினரையே அழைத்து வந்து, அவர் கூற்றை முழுதும் கேட்டு, பின்னரே தம் கூற்றை அவர் வைத்தார்.

பரோடா மகாநாடு

1916-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பரோடா மகாராஜா சாயாஜிராவ் கெய்க்வாட் ஆதரவில் அகில இந்திய சங்கீத மகாநாடு கூடிற்று. பாத்கண்டே முதலிய வடநாட்டு அறிஞர்கள் கூடிய அவ்வவையில் பண்டிதர் தம் ஆராய்ச்சியை வாசித்தார். சொல்லால் மட்டும் அமையாது, அவர் புதல்வியர் மரகதவல்லியும் கனகவல்லியும் தந்தையார் கூறிய நுண்சுரங்களைச் சபையிற் செய்து காட்டினர். பெண்கள் பொதுச்சபையிற் சாஸ்திர விஷயங்களை விளக்குதல் அரிதாயிருந்த அக்காலத்தில், தம் பெண்மக்களைச் சான்றாக அவையின் முன் நிறுத்திய தந்தையின் உள்ளம் போற்றற்குரியது. சுருதி பற்றிய வாதம் அம்மகாநாட்டோடு முடிந்துவிடவில்லை. இருபத்திரண்டே என்போர் இன்றும் உளர். ஆயினும், தமிழில் இசைக்கு இலக்கணம் இல்லை என்று இனிக் கூறவியலாதபடி அவர் செய்துவிட்டார்.

கருணாமிர்த சாகரம்

1917-ஆம் ஆண்டில் கருணாமிர்த சாகரத்தின் முதற் புத்தகம், ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூலாய், அவர் அச்சுக்கூடத்திலேயே அச்சாகி வெளிவந்தது. இரண்டாம் புத்தகம் வெளிவருவதற்கு முன்னரே, 1919 ஆகஸ்டு 31-ஆம் நாள், தம் அறுபதாம் வயதில் பண்டிதர் இவ்வுலக வாழ்வை நீத்தார். கைப்பிரதி வீட்டிலேயே தங்கிற்று. அதனை 1946-ஆம் ஆண்டில், இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, பரோடாவில் பாடிக் காட்டிய அதே மகளார் மரகதவல்லி துரைபாண்டியன் அவர்கள் வெளியிட்டுத் தந்தையின் கடனைத் தீர்த்தார். மகனார் வரகுணபாண்டியனும் பாணர் கைவழி எனப்படும் யாழ்நூலை எழுதி அப்பணியைத் தொடர்ந்தார்.

பண்டிதர் மறைந்து ஏறக்குறைய கால் நூற்றாண்டின்பின் தமிழிசை இயக்கம் தோன்றிற்று. 1943-ஆம் ஆண்டில் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது; 1947-ஆம் ஆண்டில் விபுலானந்த அடிகளின் யாழ் நூல் வெளிவந்தது. இவை செழித்தற்கு வேண்டிய நிலத்தை முன்னரே உழுது வைத்தவர் பண்டிதரேயாவர்.

நாம் கொள்ளத்தக்கது

1922-ஆம் ஆண்டில் சிவகாசியினின்று ஐயா நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று, தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, மழையற்ற இவ்வட்டாரத்தில் ஒரு புதுத்தொழிலை நிறுவிய வரலாற்றை நாம் அறிவோம். அறியாததை அறிந்தாரிடம் சென்று கற்றல் என்னும் அதே ஊக்கமே, பண்டிதரைச் சுருளிமலைக்கும் செலுத்திற்று. சிலப்பதிகார உரைக்கும் செலுத்திற்று. ஈட்டிய பொருளை என் செய்வது என்னும் வினாவுக்கும் அவர் வாழ்க்கையில் விடை உண்டு. மேலும் நிலமும் வீடும் வாங்கியிருக்கக்கூடிய பணத்தை அவர் ஐயம் ஒன்றைத் தீர்ப்பதிற் செலவிட்டார். மாணவர்காள்! நம் கல்லூரி நூல்நிலையங்களிற் கருணாமிர்த சாகரத்தைத் தேடி எடுத்துப் பாருங்கள். அதன் கணக்குகளை ஏற்பினும் மறுப்பினும், அவர் செய்தவாறே, கற்று ஆராய்ந்து கையாற் சோதித்த பின்னரே செய்யுங்கள். அதுவே அப்பெரியாருக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.