லியாடி ஷ்னேயூர் ஸல்மான்

மனிதனுடைய உள்ளத்தில் இரண்டு நாட்டங்கள் குடிகொண்டிருக்கின்றன என்பது யூத சமயத்தாரின் பழமையான கொள்கை. நன்மையை நாடுவதை யேட்ஸர் ஹத்தோவ் என்றும், தீமையை நாடுவதை யேட்ஸர் ஹாரா என்றும் எபிரெய மொழியில் வழங்குவர். இவ்விரண்டிற்கும் இடையே நிகழும் போரைப் பற்றி நூல் செய்தோர் பலர். தாம் எழுதிய பாடத்திலே தாமே சோதிக்கப்பட்டுத் தேறினோர் சிலர். அச்சிலருள் ஒருவர் ஷ்னேயூர் ஸல்மான்.

இவர் 1745-ஆம் ஆண்டில், இந்நாளில் பெலாரஸ் தேசத்தைச் சேர்ந்த லியோஸ்னா என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே வேத நூல்களில் மிக்க தேர்ச்சியுற்றார். வாலிபப் பருவத்தில் இரண்டு வழிகள் இவர் முன் நின்றனவென்று கூறுவர். கல்வியில் சிறக்க விரும்பினால் வில்னா நகரம் செல்லவேண்டும். ஜெபத்தைக் கற்க விரும்பினால் மெஸ்ரிச் சென்று தோவ் பேர் என்னும் குருவை அடுக்கவேண்டும். கல்வி தமக்குச் சிறிதேனும் உண்டென்றும், ஜெபம் இன்னதென்றே அறியோமென்றும் எண்ணி இவர் மெஸ்ரிச் சென்றார். அக்குரு ஹசிதியர் என்னும் புதிய பக்திக் கூட்டத்தாரின் தலைவர்.

அக்கூட்டத்தாரை வில்னா நகரத்துப் பெரியோர் 1772-இல் சமயப்பிரஷ்டம் செய்தனர். சமாதானம் பேசும்பொருட்டு ஷ்னேயூர் ஸல்மானும் அவருடைய மூத்த தோழரான மெனகேம் மெண்டெலும் வில்னாவுக்குச் சென்றபோது, அங்குப் பேரறிஞராய் விளங்கிய எலியா என்பவர் இவர்களைக் காணவும் மறுத்துவிட்டார்.

பின்னர் ஷ்னேயூர் ஸல்மானே ஒரு பெருங்கூட்டத்துக்குக் குருவானார். ஆலோசனை நாடி வந்தோர் எல்லாருக்கும் தனித்தனியே பேச நேரம் போதாமையால், தம் போதனைகளை எழுதிக் கொடுத்தார். கையெழுத்துப் பிரதிகளிற் பிழை மலிந்தமையின், 1796-இல் ஸ்லாவிட்டா நகரில் அது நூலாக அச்சேறிற்று. தான்யா எனப் பின்னர்ப் புகழ்பெற்ற அந்நூலில் இவர் தம் பெயரை இடவில்லை.

அந்நூலில் இவர் சரீரத்தை ஒரு சிறு நகரத்துக்கு ஒப்பிடுகிறார். இரண்டு அரசர் அதைக் கைப்பற்றப் போர்செய்வதுபோல், தேவனை நாடும் ஆத்துமாவும் மிருக இயல்புள்ள ஆத்துமாவும் மனிதனுள் போர்புரிகின்றன. தீமையை வேரோடு களைந்த நீதிமான்கள் மிகச் சிலரே. ஏனையோர் அடையத்தக்க நிலையை இவர் நடுநிலை மனிதன் என்று குறிக்கிறார். அவனுள் தீய நாட்டம் சாகவில்லை. எனினும் நினைவு, சொல், செயல் ஆகிய மூன்றிலும் ஆட்சிசெய்ய அவன் அதற்கு இடங்கொடான். தீய எண்ணம் எழுந்ததற்காகச் சோர்ந்து துக்கிப்பதும் அகந்தையின் ஒரு வடிவமே என்கிறார். தன்னை ஏற்கெனவே நீதிமானாக எண்ணியவனே அவ்வாறு துக்கிப்பான். எழுந்ததைத் தள்ளுந்தோறும் தேவன் மகிழ்கிறார். மற்போரில் வலியவனும் சோர்ந்திருப்பின் வீழ்வானாதலின், இப்போரை உற்சாகத்தோடு செய்யவேண்டும் என்பது இவர் போதனை.

இப்போதனைக்குச் சோதனை விரைவில் வந்தது. பாலஸ்தீனத்தில் குடியேறிய ஏழைத் தோழர்களுக்கு இவர் பணம் திரட்டி அனுப்பி வந்தார். அந்நாடு துருக்கி சுல்தானின் ஆட்சிக்குட்பட்டதாகையால், இவர் ராஜத்துரோகி என்று எதிர்க்கட்சி யூதர் சிலர் ருஷிய அரசாங்கத்திடம் கோள் மூட்டினர். 1798-இல் இவரைச் சிறைபிடித்துப் பீட்டர்ஸ்பர்க்குக் கொண்டுபோயினர். பல வாரங்கள் விசாரித்தபின் குற்றமற்றவர் என்று விடுதலை செய்தனர்.

சீடர்களின் ஆனந்தத்துக்கு அளவில்லை. தம்மைக் காட்டிக்கொடுத்தோரை எள்ளி நகையாட இதுவே தருணமென்று பலருக்குத் தோன்றியிருக்கலாம். குருவோ உடனே சீடர் அனைவருக்கும் நிருபம் எழுதினார். சகோதரர் முன் நெஞ்சு நிமிரலாகாது, பரிகசிக்கலாகாது, தேவ கிருபை பெருகப்பெருகத் தன்னைச் சிறியவனாக எண்ணிய யாக்கோபைப்போல் தாழவேண்டும் என்று அதிற் கண்டிப்பாகக் கட்டளையிட்டார். சிறைக்குள் அஞ்சாது நின்றது ஒரு வெற்றி. வெளியே வந்தபின் பழிவாங்கும் இன்பத்தை மறுத்தது அதனினும் பெரிய வெற்றி.

1800-இல் மறுபடியும் இவர் சிறைப்பட்டு விடுதலையானார். அதன்பின் லியாடியில் வாழ்ந்தார். 1812-இல் நெப்போலியன் ருஷியாவின்மேற் படையெடுத்தபோது, யூதருக்குச் சம உரிமை கிடைக்குமென்று அநேகர் மகிழ்ந்தனர். இவரோ, செல்வமும் சுதந்தரமும் வந்தால் தம் ஜனத்தின் இருதயம் தேவனைவிட்டு விலகுமென்று அஞ்சி, தம்மை இருமுறை சிறையிலிட்ட அரசையே ஆதரித்தார். இம்முடிவைப்பற்றி அறிஞர் கருத்து வேறுபடலாம். ஆயினும் தம் பகையையும் சுகத்தையும் கருதி இவர் தீர்மானிக்கவில்லை என்பது தெளிவு. படைகளுக்கு முன்னே குடும்பத்துடன் ஓடிய இவர், அவ்வாண்டு டிசம்பரில், குர்ஸ்க் பிரதேசத்தில் பியேனா என்னும் கிராமத்தில் உயிர்நீத்தார். இந்நாளில் உக்ரேன் தேசத்திலுள்ள ஹாடியாச்சில் அடக்கம் செய்யப்பட்டார்.

இவர் நிறுவிய ஹபாத் கூட்டம் இன்று பல தேசங்களிற் பரவியிருக்கிறது; இவர் விடுதலையான நாளை ஆண்டுதோறும் கொண்டாடுகிறது. தீய எண்ணம் ஒன்று மனத்தில் எழுந்ததுகொண்டே தம்மைக் கெட்டவரென்று தீர்த்து, முயற்சியைக் கைவிடும் இளைஞர் எக்காலத்தும் உளர். போர் நடக்கிறதென்பதே நகரம் இன்னும் வீழவில்லை என்பதற்கு அடையாளம் என்று இவர் வாழ்க்கை அவர்களுக்குக் கூறுகிறது.