தொழிலாளர் துறையில் அண்ணல் அம்பேத்கர்

அண்ணல் அம்பேத்கர் அவர்களின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் நம் மக்கள் நெஞ்சில் முதற்கண் தோன்றுவது அரசியலமைப்புச் சட்டமே ஆகும். மகாத் குளப் போராட்டமும், பூனா ஒப்பந்தமும், நாகபுரியில் அவர் ஏற்ற பௌத்த நெறியும் அதனையடுத்து நினைவுக்கு வரும். ஆனால் 1942 முதல் 1946 வரை அவர் இந்திய அரசின் தொழிலாளர் துறைப் பொறுப்பை ஏற்று நடத்திய வரலாறு நம்மிற் பலர் அறியாததாகவே இருந்து வருகிறது. உழைப்பவன் கையை இழந்தால் அது அவன் தலைவிதி என்றும், கருவுற்ற பெண் கூலியை இழந்தால் அது அவள் வீட்டுக் கவலை என்றும் கருதப்பட்ட காலம் அது. அந்நாளில், உழைப்பவர் உடலுக்கு நேரும் கேடு அரசு பொறுப்பேற்க வேண்டிய செய்தி என்பதைச் சட்ட நூலில் ஏற்ற முற்பட்டவர்களுள் முன்வரிசையில் நின்றவர் அவர்.

இவ்வெண்ணம் அவருக்குத் தில்லிப் பதவியில் அமர்ந்த பின்னர் உதித்ததன்று. அவர் பிறந்த மகார் குலத்தின் வாழ்விலேயே அதன் வேர் இருந்தது. 1891 ஏப்ரல் 14 அன்று மோவ் படைமுகாமில், சுபேதார் ராம்ஜி சக்பாலின் மகனாக அவர் பிறந்தார். தந்தையார் படைப்பள்ளியில் ஆசிரியராக இருந்தமையால் வீட்டில் கல்வி ஒளி இருந்தது. ஆயினும் சிற்றூர்களில் வாழ்ந்த மகார்கள், வதன் எனப்படும் பரம்பரை ஊழியத்தில் கட்டுண்டு கிடந்தனர். சிறு நிலமும் ஊராரிடம் பெறும் தானியமுமே ஊதியம். இரவென்றும் பகலென்றும் பாராமல் அரசு அலுவலர் ஏவிய வேலையைச் செய்தாக வேண்டும். ஒருவன் நோயுற்றால் அவன் குடும்பத்தார் அவ்வேலைக்குச் செல்ல வேண்டும். வேலைநேரத்துக்கு வரம்பில்லாத அவ்வாழ்வு, நம் ஊர்களின் வெட்டிமை ஊழியத்தை அறிந்தவர்க்குப் புதியதன்று. அந்தத் தளையை அறுப்பதற்காக 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அவர் ஒரு மசோதாவைக் கொண்டு வந்தார். அம்முயற்சி அப்போது கைகூடவில்லை. அவ்வூழியம் சட்டத்தால் ஒழிந்தது அவர் மறைந்த பின்னர், 1958இல்தான்.

படிப்புக்காக அயல்நாடு சென்றிருந்த காலம் நீங்கலாக, ஏறத்தாழ இருபதாண்டுகள் அவர் பம்பாய் பரேல் பகுதியில் ஆலைத் தொழிலாளர் குடியிருப்பின் சிறு அறைகளில் வாழ்ந்தார். ஆலைச் சங்கு ஊதும்போது எழுந்து சென்ற மக்களையும், பஞ்சுத்தூசி படிந்து இருமியவாறு திரும்பிய மக்களையும் அவர் நாள்தோறும் கண்டார். ஆலைக்குள்ளும் சாதி இருந்தது. கூலி மிகுதியாகக் கிடைத்த நெசவுப் பிரிவில் தாழ்த்தப்பட்டோர்க்கு இடமில்லை. தறியின் நாடாவில் நூல் அறுந்தால், புதிய நூலை அதன் துளை வழியே வாயால் உறிஞ்சி இழுப்பது அந்நாளைய வழக்கம். தீண்டப்படாதவன் வாய் வைத்த நாடாவில் தாம் வாய் வைப்பதில்லை என்று மற்றவர் மறுத்தனர். வாயால் உறிஞ்சும் அவ்வழக்கம் எல்லோர் நெஞ்சிலும் பஞ்சிழையை ஏற்றியதே! கேடு தரும் அம்முறையை ஒழிக்க வேண்டும் என்று எண்ணுவதற்கு மாறாக, அதனைக் காரணம் காட்டி ஒரு மக்கட்பிரிவை விலக்கி வைத்தனர். 1928ஆம் ஆண்டுப் பெரும் வேலைநிறுத்தத்தின் போது, எல்லாப் பிரிவுகளிலும் நம் மக்களுக்கு இடம் வேண்டும் என்பதைத் தொழிலாளர் கோரிக்கைகளுள் ஒன்றாக்குமாறு அவர் வற்புறுத்தினார். எவருக்கு எந்த வேலை, எவருக்கு எந்த நோய் என்பதைச் சாதியே பங்கிட்டுக் கொடுக்கிறது என்ற உண்மையை அவர் நேரில் கண்டறிந்தது அங்கேதான்.

அதே 1928இல், ஆலையில் பணிபுரியும் பெண்களுக்கு மகப்பேற்று உதவி வழங்கும் மசோதா பம்பாய்ச் சட்டமன்றத்தில் வந்தபோது அவர் அதனை முழுமனத்துடன் ஆதரித்தார். பேறுகாலத்தில் தாய்க்குக் கிடைக்கும் ஓய்வு நாட்டின் நலனுக்கே உரியது என்றும், அதன் சுமையில் பெரும்பங்கை அரசும் ஏற்க வேண்டும் என்றும் வாதிட்டார். மறு ஆண்டே அது சட்டமாயிற்று. 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தோற்றுவித்தார். தொழிலாளரின் வேலைநிறுத்த உரிமையைக் குறுக்கிய மசோதாவை எதிர்த்து 1938 நவம்பர் 7 அன்று பம்பாயில் நடந்த பொது வேலைநிறுத்தத்தில் பொதுவுடைமைத் தலைவர்களோடு தோளிணைந்து நின்றார்.

1942 ஜூலையில் நாகபுரியில், சென்னையைச் சேர்ந்த நா. சிவராஜ் அவர்களின் தலைமையில் தாழ்த்தப்பட்டோரின் அனைத்திந்திய மாநாடு கூடிற்று. அவ்வேளையிலேதான் அண்ணல் அவர்கள் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்கும் நிலை அமைந்தது. உலகப்போர் மூண்டிருந்த காலம் அது. உற்பத்தியைப் பெருக்குவதே அரசின் நோக்கம். தொழிலாளியின் உடல்நலம் கடைசி வரிசையில் இருந்தது. அரசும் முதலாளிகளும் தொழிலாளரும் ஒரே மேசையில் அமர்ந்து பேசும் முத்தரப்பு மாநாட்டை ஆகஸ்டு மாதத்திலேயே அவர் தலைமையேற்று நடத்தினார். பின்னாளில் இந்தியத் தொழிலாளர் மாநாடு எனப் பெயர் பெற்றது அதுவே.

முதலில் வேலைநேரத்தை எடுத்துக்கொள்வோம். 1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி, ஆண்டு முழுவதும் இயங்கும் ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். களைத்த கையே இயந்திரத்தில் சிக்குகிறது என்பது ஆலை அறிந்தார் எவரும் அறிந்த உண்மை. ஆகவே வேலைநேரக் குறைப்பு என்பது ஓய்வுக்கான சலுகை மட்டுமன்று, விபத்தைத் தடுக்கும் வழியும் ஆகும். 1946ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வரம்பை 48 மணி நேரமாகக் குறைத்தது. ஆறு நாள் வேலைக்கு நாளொன்றுக்கு எட்டு மணி என்னும் கணக்கு இந்தியச் சட்டத்தில் இடம்பெற்றது இவ்வாறே. அதற்கு முந்திய ஆண்டில், ஊதியத்துடன் கூடிய விடுமுறையும் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

அடுத்தது சுரங்கம். வட ஆர்க்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சென்று, பாறைத்தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டு மாண்ட நம் முன்னோரின் கதையை அறிந்தவர்க்குச் சுரங்கத் தொழிலின் கொடுமையை விளக்க வேண்டுவதில்லை. 1943 டிசம்பரில் அண்ணல் அவர்கள் தன்பாத் நிலக்கரி வயலுக்குச் சென்றார். சுரங்கத்தினுள் இறங்கி வேலைமுறையைக் கண்டார். தொழிலாளர் குடியிருப்புகளையும் பார்வையிட்டார். 1944 தொடக்கத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதிக்கான அவசரச் சட்டம் பிறந்தது. வெட்டியெடுத்து அனுப்பப்படும் நிலக்கரியின் மீது தீர்வை விதித்து, அத்தொகையை வீடு, மருத்துவம், குடிநீர், கல்வி ஆகியவற்றுக்குச் செலவிடுவது அதன் ஏற்பாடு. தன்பாத்திலும் அசன்சாலிலும் பின்னர் எழுந்த மைய மருத்துவமனைகள் அந்நிதியின் பயனே. சுரங்க வாயிலில் குளியலறையும் குழந்தைக் காப்பகமும் அமைப்பதற்கான விதிகளும் அவர் காலத்தில் வந்தன.

இங்கே ஒரு கசப்பான செய்தியையும் மறைக்காமல் கூறுதல் கடமை. பெண்கள் நிலத்தடியில் வேலை செய்யக் கூடாது என்று 1937இல் நடைமுறைக்கு வந்த தடையை, நிலக்கரிப் பஞ்சத்தைக் காட்டிப் போர்க்கால அரசு 1943இல் நீக்கிற்று. மகளிர் அமைப்புகள் கண்டித்தன. துறையின் பொறுப்பாளர் என்ற முறையில் சட்டமன்றத்தில் அம்முடிவுக்கு விடை கூற வேண்டியவர் அண்ணல் அவர்களே ஆயினார். போர் நெருக்கடியைக் காரணம் காட்டிய அவர், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்னும் நிபந்தனை விதிக்கப்பட்டிருப்பதையும் எடுத்துரைத்தார். நிலத்தடியில் உழைத்த பெண்களுக்குரிய மகப்பேற்று உதவி 1945இல் விரிவாக்கப்பட்டது. தடை 1946 பிப்ரவரியில் மீண்டும் வந்தது. ஆயினும் இடைப்பட்ட காலத்தில் இருளில் இறங்கிய பெண்களின் உழைப்பை நாம் மறத்தலாகாது. நெருக்கடி வரும்போது முதலில் தளர்த்தப்படுவது ஏழையின் பாதுகாப்பே என்னும் பாடத்தை அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

மூன்றாவதாகக் கூற வேண்டியது நோய்க்கும் ஊனத்துக்கும் காப்புறுதி. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டப்படி, விபத்தில் உறுப்பிழந்த தொழிலாளி தன் முதலாளியிடமே ஒரு தொகையை வாங்க வேண்டும். வேலை தந்தவனை எதிர்த்து வழக்காட ஏழைக்கு வலிமையேது? வாங்கிய தொகையும் சில திங்களில் கரையும். கையோ காலோ திரும்பாது. இந்நிலையில் 1943இல் பேராசிரியர் பி. பி. அதார்க்கரை ஒரு காப்புறுதித் திட்டம் வகுக்குமாறு அரசு அமர்த்திற்று. அவர் 1944இல் அறிக்கை அளித்தார். நோய், மகப்பேறு, பணியிடக் காயம் மூன்றையும் ஒரே திட்டத்துள் அடக்கி, முதலாளியும் தொழிலாளியும் பங்களிக்கும் பொது நிதியிலிருந்து உதவி வழங்கும் தொழிலாளர் அரசு காப்புறுதிச் சட்டம் 1948இல் நிறைவேறியது. அப்போது தொழிலாளர் அமைச்சராக இருந்து அதனை நிறைவேற்றியவர், நம் இனத்தின் மற்றொரு பெருந்தலைவரான பாபு ஜெகஜீவன்ராம் அவர்கள். அண்ணல் விதைத்ததை அவர் விளைவித்தார் எனலாம். பணியில் நிலையான ஊனமுற்றவர்க்கு வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் உதவித்தொகை என்பது இதனால் உரிமையாயிற்று. 1952இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கிய இத்திட்டம் 1955இல் கோயம்புத்தூருக்கு வந்தது.

பின்னர் அரசியலமைப்பை வரைந்த குழுவின் தலைவரான போதும் அவர் இதனை மறந்தாரில்லை. கட்டாய உழைப்பை 23ஆம் பிரிவு தடுக்கிறது. தொழிலாளரின் உடல்வலிமை சுரண்டப்படலாகாது என்று 39ஆம் பிரிவும், நோயிலும் ஊனத்திலும் அரசின் உதவி வேண்டும் என்று 41ஆம் பிரிவும், மனிதத்தன்மை பொருந்திய பணிச்சூழலும் மகப்பேற்று உதவியும் வேண்டும் என்று 42ஆம் பிரிவும் கூறுகின்றன. அந்நாட்களில் அவரே நீரிழிவாலும் கால் நரம்பு வலியாலும் துன்புற்றார். இறுதியாண்டுகளில் பிறர் துணையின்றி நடக்கவும் இயலாதவரானார். 1956 டிசம்பர் 6 அன்று மறைந்தார்.

அவர் தொடங்கிய பணி முற்றுப்பெற்றதா? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், மின்விசையுடன் 10 பேரும் மின்விசையின்றி 20 பேரும் பணிபுரியும் இடங்களையே தொழிற்சாலை எனக் கொண்டது. அவ்வேலிக்கு வெளியே நின்றவர்கள் வயலில் உழைத்தவரும், சிறு தோல்கூடங்களில் உழைத்தவரும், பாதாளச் சாக்கடையில் இறங்கியவருமே. அவர்களுட் பெரும்பாலோர் நம் மக்கள். 2020இல் இயற்றப்பட்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம் அவ்வெண்களை 20 எனவும் 40 எனவும் உயர்த்திவிட்டது. கையால் மலம் அள்ளுவதை 1993, 2013 ஆம் ஆண்டுச் சட்டங்கள் தடுத்தும் சாக்கடைச் சாவுகள் நிற்கவில்லை. அவ்வாறு இறந்தவர் குடும்பத்துக்கு 30 இலட்சம் ரூபாயும், நிலையான ஊனமுற்றவர்க்குக் குறைந்தது 20 இலட்சம் ரூபாயும் வழங்க வேண்டும் என உச்சநீதிமன்றம் 2023இல் ஆணையிட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டமோ, அரசுப் பணியிடங்களில் நூற்றுக்கு நான்கை அவர்களுக்கு ஒதுக்கியதோடு, பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரை அதன் பொருட்டு வேலையினின்று நீக்கலாகாது என்றும் விதித்துள்ளது.

சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. அதனைப் படித்து எடுத்துச்சொல்ல ஆள் வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து வரும் நம் கல்விக்கழகம் அத்தகைய ஆட்களை உருவாக்கி வருகிறது. இங்குப் பயின்று வெளியேறும் ஒவ்வொரு மாணவரும், மாணவியும் தம் தெருவில் கையிழந்தவர் ஒருவர்க்காகவேனும் இழப்பீட்டு மனு எழுதித் தரட்டும். சாக்கடையில் இறங்குமாறு ஏவப்படும் ஒருவரையேனும் சட்டத்தைச் சொல்லித் தடுத்து நிறுத்தட்டும். அண்ணலுக்கு நாம் அணிவிக்கும் மாலைகளுள் வாடாதது அதுவே ஆகும்.