எத்திராஜ் என்றொரு வக்கீல்



போன வருஷம் இன்-பிளான்ட் ட்ரெயினிங்குக்காக நாங்கள் ஆறு பேர் சிப்காட்டில் ஒரு கம்பெனிக்குப் போனோம். மூன்றாம் நாள் அங்கே ஒரு டிஜிட்டல் வெர்னியர் காணாமல் போயிற்று. கடைசியாக அதைக் கையில் வைத்திருந்தவன் கவரப்பேட்டையிலிருந்து ரயிலில் வரும் நம்ம வகுப்புப் பையன். அவ்வளவுதான்! மதியச் சாப்பாடு முடிவதற்குள் அவன்தான் எடுத்தான் என்று தீர்ப்பாகிவிட்டது. குழுவுக்கு லீடர் நான். அவனுக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ஆனால் திருட்டுக்குத் துணை போனவன்னு நம்ம பேரும் கெட்டுடுமோ என்று வாயை மூடிக்கொண்டேன். நாலு நாள் கழித்து, காலிபரேஷனுக்குப் போய்த் திரும்பிய பெட்டியில் அந்த வெர்னியர் இருந்தது!

இதை வீட்டில் சொன்னபோது, சென்னை எத்திராஜ் கல்லூரியில் படித்த என் அக்கா என்னைத் திட்டவில்லை. அவங்க காலேஜுக்குப் பேர் கொடுத்த மனிதர் யார் தெரியுமா என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வி.எல். எத்திராஜ் 1890-ஆம் ஆண்டு வேலூரில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, கடல் கடந்து போய்ச் சட்டம் பயின்று, பாரிஸ்டராகத் திரும்பியவர். வெள்ளைக்காரர்களே வகித்து வந்த சென்னை அரசு வழக்கறிஞர் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர்தான். அதாவது, குற்றம் சாட்டும் பக்கத்தில் நின்று பழகியவர். ஒரு வழக்கை எப்படிக் கட்டுவார்கள், எங்கே இறுக்குவார்கள், எங்கே ஓட்டை விழும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்த அனுபவம் பின்னாளில் இரண்டு பேருக்கு உயிர் கொடுத்தது.

1944 நவம்பர் 8. சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரர் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் இறந்து போனார். முதலில் சினிமா தூது, பிறகு இந்து நேசன் என்று நடத்தி, நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தை அச்சேற்றிக் காசு பார்த்தவர் அவர். அவர் மேல் கோபம் இல்லாதவர்கள் சினிமா உலகில் குறைவு. கொலைச் சதியில் பங்கு என்று கைதானவர்களில் மூன்று பேர் பெரும் புள்ளிகள். எம்.கே. தியாகராஜ பாகவதர், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடு. பாகவதரின் ஹரிதாஸ் படம் அந்தத் தீபாவளிக்குத்தான் வெளியாகியிருந்தது. அவர் தியேட்டரில் பாடிக் கொண்டிருந்தார், ஜெயிலிலும் இருந்தார்!

வழக்கு உயர்நீதிமன்றத்தில் ஜூரிகள் முன்னால் நடந்தது. அந்தக் காலச் சட்டப்படி அங்கே ஜூரி என்றால் ஒன்பது பேர். சட்டம் படித்தவர்கள் அல்ல, நகரத்துப் பிரமுகர்கள். ஆறு பேராவது ஒரு பக்கம் சேர்ந்து, நீதிபதியும் ஒப்புக்கொண்டால் அதுதான் முடிவு. ஜூரி காரணம் எதுவும் எழுத வேண்டியதில்லை. குற்றவாளி, குற்றவாளி இல்லை என்று சொன்னால் போதும். யோசித்துப் பாருங்கள்! ஊர் முழுக்க டீக்கடையில் அதே பேச்சு, பேப்பரைத் திறந்தால் அதே செய்தி. அந்த ஒன்பது பேரும் இதே ஊர்க்காரர்கள்தானே! அவர்கள் மனதில் எது சாட்சி, எது வதந்தி என்று யார் பிரித்துப் பார்ப்பது?

1945 மே 3-ஆம் தேதி நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கலைவாணருக்கும் ஆயுள் தண்டனை. உயர்நீதிமன்றத்தில் செய்த அப்பீலும் தள்ளுபடி ஆயிற்று. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுபடி சரியாக விசாரிக்கும்படி சென்னைக்கே திரும்பி வந்தது.

அந்த மறுவிசாரணையில் அவர்களுக்காக எழுந்து நின்றவர் எத்திராஜ். பாகவதரின் புகழைக் காட்டி அவர் கேட்கவில்லை. செத்தவர் கெட்டவர் என்பதும் விடுதலைக்குப் போதாது. சாட்சியத்தை, முக்கியமாக அப்ரூவராக மாறியவரின் வாக்குமூலத்தை, நாம் ஜாப்பை கேஜில் வைத்துப் பார்ப்பது மாதிரி அங்குலம் அங்குலமாகச் சோதித்தார். 1947 ஏப்ரலில் நீதிபதிகள் ஹேப்பல், ஷஹாபுதீன் இருவரும் அந்தச் சாட்சியத்தை நம்ப முடியாது என்று சொல்லி இருவரையும் விடுவித்தார்கள். அதற்குள் அவர்கள் உள்ளே கழித்தது சுமார் இரண்டரை வருஷம். கலைவாணர் எழுந்து நின்றார். பாகவதருக்குப் பழைய வாழ்வு திரும்பவே இல்லை. 1959-இல், ஐம்பது வயது நிறைவதற்குள் காலமானார்.

கொலையாளிக்கு வக்கீல் எதுக்கு என்று நம்மில் பலர் கேட்கிறோம். கொலையாளி என்று யார் முடிவு செய்தது? அதை முடிவு செய்யத்தானே கோர்ட்! கட்சிக்காரர் குற்றம் செய்திருப்பார் என்று தனக்கே தோன்றினாலும், அவருக்காக நேர்மையாக வாதாட வேண்டும் என்பது வக்கீல்களுக்கான விதி. பொய்ச் சாட்சி தயாரிக்கக் கூடாது என்பதும் அதே கடமையின் மறுபக்கம். குறிப்பிட்ட ஆளுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வக்கீல் சங்கங்கள் தீர்மானம் போடுவது செல்லாது என்று 2010-இல் உச்சநீதிமன்றம் சொன்னதும் நம் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில்தான்.

ஜூரி முறை என்ன ஆயிற்று? 1959-இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி வழக்கு வந்தது. இங்கே நடந்ததற்கு நேர் எதிர். பத்திரிகைகளும் பொதுமக்களும் அவர் பக்கம். ஜூரி 8-க்கு 1 என்று விடுவித்தது. நீதிபதி அதை ஏற்காமல் உயர்நீதிமன்றத்துக்கு அனுப்ப, அங்கே தண்டனை கிடைத்தது, 1961-இல் உச்சநீதிமன்றமும் உறுதி செய்தது. 1973-இல் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லை.

எத்திராஜ் தன் சம்பாத்தியத்தைப் போட்டு 1948-இல் பெண்களுக்காகக் கல்லூரி தொடங்கினார். 1960-இல் மறைந்தார். எழும்பூரில் அந்தச் சாலைக்கே இன்று அவர் பேர்.

நண்பர்களே! கோர்ட்டில் ஜூரி ஒழிந்துவிட்டது. கேன்டீனில் ஒழியவில்லை. அன்றைக்கு அந்த ஒர்க்ஷாப்பில் ஜூரியாக உட்கார ஐந்து பேர் இருந்தோம். வக்கீலாக நிற்க ஒருத்தனும் இல்லை. அவன் இன்றும் என்னோடு சிரித்துப் பேசுகிறான், அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. நேரில் சொல்ல நாக்கு எழவில்லை. இந்த மலர் அவன் கைக்கும் வரும். டேய், என்னை மன்னிச்சிடுடா!

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை