மருந்தே சாப்பிடாத குழந்தையின் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமி: 1885-லேயே துப்பு கொடுத்த டாக்டர் எஷரிக் யார்?

குடிநீரில் இ-கோலி கலந்திருக்கு, சிறுநீர்த் தொற்றுக்கு இ-கோலி காரணம்... இப்படி அடிக்கடி ஒரு செய்தி உங்கள் மொபைலுக்கு வந்துவிடும். அந்த 'இ' என்ற எழுத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். பெயர் தியோடர் எஷரிக். ஜெர்மனியில் பிறந்த குழந்தைகள் நல மருத்துவர். 1911-ல் இறந்துவிட்டார்.

இப்போ எதுக்கு அவரைப் பற்றிப் பேசணும்? காரணம் இருக்கு. பொலிவியா, பெரு போன்ற நாடுகளில் நல்லா ஓடியாடி விளையாடும் குழந்தைகளின் மலத்தைப் பரிசோதித்தபோது, ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத இ-கோலி அதில் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காத குழந்தைக்கு இது எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்கான முதல் பாதி பதிலை, ஆன்டிபயாடிக் என்ற ஒன்று உலகத்தில் வருவதற்கு முன்பே எஷரிக் கண்டுபிடித்து எழுதி வைத்துவிட்டார்.

டாக்டர் வீட்டுப் பிள்ளை

1857 நவம்பர் 29-ம் தேதி, பவேரியாவில் உள்ள ஆன்ஸ்பாக் என்ற ஊரில் பிறந்தார் எஷரிக். அப்பா ஃபெர்டினாண்ட் அரசு மருத்துவர். அம்மா ராணுவ அதிகாரி ஒருவரின் மகள். தியோடருக்கு ஐந்து வயது இருக்கும்போதே அம்மா இறந்துபோனார். பிறகு ஆஸ்திரியாவின் ஃபெல்ட்கிர்ச்சில் ஜேசு சபையினர் நடத்திய உறைவிடப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள்.

ஸ்ட்ராஸ்பர்க், கீல், பெர்லின், வூர்ஸ்பர்க் என்று ஊர் ஊராகப் போய் மருத்துவம் படித்தார். 1881 கடைசியில் தேர்வில் பாஸ். அடுத்து வூர்ஸ்பர்க்கின் ஜூலியஸ் மருத்துவமனையில் உதவி மருத்துவர் வேலை.

அந்தக் காலத்தில் குழந்தைகள் நலம் தனிப் படிப்பாகவே வளரவில்லை. ஆனால் குழந்தைகள் செத்துக்கொண்டே இருந்தார்கள். பவேரியாவில் பிறந்த குழந்தைகளில் நான்கில் ஒன்றுக்கும் மேல் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. அதிலும் கோடைக்கால வயிற்றுப்போக்கு, அதுவும் புட்டிப்பால் குடித்த குழந்தைகளுக்கு, எமனாகவே வந்தது. இன்றைக்கு நாம் வளரும் நாடுகளின் பிரச்சினை என்று சொல்வது அன்றைக்கு ம்யூனிக்கின் பிரச்சினை. இதை நாம சுலபமா மறந்துடறோம்.

1884-ல் எஷரிக் வியன்னா போனார். அங்கே செயின்ட் அன்னா குழந்தைகள் மருத்துவமனையில் பயிற்சி. அதே வருஷம் ராபர்ட் கோக் கல்கத்தாவில் காலராக் கிருமியைப் பிடித்த செய்தி உலகத்தையே உலுக்கியிருந்தது. அந்த இலையுதிர் காலத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் காலரா வெடித்தபோது, அதை ஆராய அங்கே போனவர்களில் எஷரிக்கும் ஒருவர். கிருமிகள் மீது அவருக்கு இருந்த ஆர்வத்தை அந்தப் பயணம் இன்னும் கூட்டியது.

அழுக்குத் துணிக்குள் தேடியவர்

ம்யூனிக் திரும்பினார். டாக்டர் ஃபான் ஹவுனர் குழந்தைகள் மருத்துவமனையில் வேலை. நோய்க்கிருமி எதுன்னு எல்லாரும் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், எஷரிக் வேறு பக்கம் யோசித்தார். நோயில்லாத குழந்தையின் குடலில் என்ன இருக்குன்னே தெரியாமல், நோயுற்ற குழந்தையின் குடலில் எது தப்புன்னு எப்படிச் சொல்ல முடியும்? அதனால் முதலில் நல்ல குழந்தைகளின் மலத்தைப் பரிசோதிக்க ஆரம்பித்தார்.

கேட்க அருவருப்பா இருக்கலாம். ஆனால் செய்த வேலை அவ்வளவு நேர்த்தி. பிறந்த குழந்தை முதல்முதலாகக் கழிக்கும் கரும்பச்சை மலத்தை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். அதில் பாக்டீரியா இல்லை. சில மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தார். இப்போது பாக்டீரியா இருந்தது. அப்படியென்றால் அவை குழந்தையோடு பிறந்தவை அல்ல. வாய் வழியாகவும் ஆசனவாய் வழியாகவும் சுற்றுப்புறத்தில் இருந்து குடியேறியவை. தாய்ப்பால் குடிக்கத் தொடங்கியதும் அந்தக் கூட்டம் மறுபடி மாறியது. மாட்டுப்பால் குடித்த குழந்தைக்கு வேறு கூட்டம்.

1884-ல்தான் டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் சாயம் ஏற்றி பாக்டீரியாவைப் பிரிக்கும் முறையை வெளியிட்டிருந்தார். எஷரிக் அந்தப் புத்தம் புது முறையை உடனே பயன்படுத்திக்கொண்டார். 1885 ஜூலை 14-ம் தேதி ம்யூனிக்கில் ஒரு அறிவியல் சங்கக் கூட்டத்தில் தன் முடிவுகளைச் சொன்னார். குச்சி வடிவத்தில், வேகமாக வளரும் ஒரு பாக்டீரியாவுக்கு பாக்டீரியம் கோலி கம்யூன் என்று பெயர் வைத்தார். பெருங்குடலில் பொதுவாகக் காணப்படுவது என்று அர்த்தம். கூடவே இன்னொன்றும் சிக்கியது. அதை இன்று கிளெப்சியெல்லா வகையில் சேர்க்கிறார்கள். பச்சிளங்குழந்தை வார்டுகளில் இன்று டாக்டர்களைத் தூங்கவிடாத இரண்டு பெயர்களும் ஒரே ஆராய்ச்சியில், ஒரே ஆளிடம் மாட்டியவை.

அடுத்த வருஷமே, 1886-ல், பச்சிளங்குழந்தையின் குடல் பாக்டீரியாக்கள் பற்றிய அவரது புத்தகம் வந்தது. குழந்தை மருத்துவத்தில் அவர் பெயர் அதன் மூலம்தான் நிலைத்தது.

இந்தக் கிருமி சாதுவா, ஆபத்தா? பெரும்பாலும் சாது, குடலை விட்டு வேறு இடத்துக்குப் போனால் ஆபத்து. இதையும் எஷரிக்கே காட்டினார். சிறுமிகளுக்கு வரும் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு இதே பாக்டீரியா காரணம் என்று 1894-ல் எழுதினார்.

மகனைப் பறிகொடுத்த மருத்துவர்

1890-ல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகருக்குப் பேராசிரியராகப் போனார். அங்கேதான் கல்யாணம். இயற்பியல் பேராசிரியர் லியோபோல்ட் ஃபவுண்ட்லரின் மகள் மார்கரெத்தை மணந்தார். ஒரு மகன், ஒரு மகள். தொண்டை அடைப்பான் நோய்க்கு புதிதாக வந்த சீரம் மருந்தை ஆரம்பத்திலேயே பயன்படுத்திய குழந்தை மருத்துவர்களில் அவரும் ஒருவர்.

1902-ல் வியன்னா அழைத்தது. எந்த செயின்ட் அன்னா மருத்துவமனையில் பயிற்சி எடுத்தாரோ, அதற்கே தலைவர். அடுத்த வருஷம் பச்சிளங்குழந்தைகளைக் காக்க ஒரு அமைப்பைத் தொடங்கினார். தாய்ப்பால் கொடுக்கச் சொல்லி அம்மாக்களுக்கு எடுத்துச் சொல்வது, அது முடியாதவர்களுக்குச் சுத்தமான பால் கிடைக்கச் செய்வது, குழந்தைகளைத் தொடர்ந்து பரிசோதிப்பது என்று வேலை நடந்தது. மருந்து கையில் இல்லாத டாக்டர் பாலையும் சுத்தத்தையும் பிடித்துக்கொண்டார். அலர்ஜி என்ற சொல்லை 1906-ல் உருவாக்கிய கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே அவரிடம் வேலை பார்த்தவர்தான்.

அவ்வளவு குழந்தைகளைப் பார்த்தவருக்குத் தன் மகனைக் காப்பாற்ற முடியவில்லை. லியோ பத்து வயதில் குடல்வால் அழற்சியில் இறந்தான். குடல்வால் வெடித்தால் குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் வயிற்றுக்குள் பரவும். அதைத் தடுக்க அன்றைக்கு எந்த மாத்திரையும் ஊசியும் கிடையாது.

எஷரிக்கும் அதிக காலம் இருக்கவில்லை. 1911 பிப்ரவரி 15-ம் தேதி பக்கவாதத்தில் இறந்தார். வயது 53.

பெயர் வந்தது எப்படி?

தான் கண்டுபிடித்த பாக்டீரியாவுக்குத் தன் பெயர் வரும் என்று எஷரிக்குக் கடைசி வரை தெரியாது. 1919-ல் ஆல்டோ காஸ்டெல்லானியும் ஆல்பர்ட் சால்மர்ஸும் வெப்பமண்டல மருத்துவம் பற்றிய தங்கள் புத்தகத்தின் மூன்றாம் பதிப்பில்தான் எஷரிக்கியா என்ற பெயரைச் சூட்டினார்கள். இந்த இருவருமே கொழும்பில் வேலை பார்த்தவர்கள். அந்தப் புத்தகத்தின் முதல் பதிப்பு 1910-ல் வந்தபோது இருவரும் இலங்கையில்தான் இருந்தார்கள்.

எஷரிக் பிரித்தெடுத்த கிருமியின் வாரிசு பிரிட்டனின் தேசிய பாக்டீரியா சேமிப்பகத்தில் 86 என்ற எண்ணோடு இன்னும் பத்திரமாக இருக்கு. அதன் மரபணு வரிசையையும் முழுசா படித்துவிட்டார்கள்.

சாது எப்போது மாறியது?

1940-களில் ஆன்டிபயாடிக் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. லியோவைப் போன்ற குழந்தைகள் பிழைக்க ஆரம்பித்தார்கள். ஆனால் 1950-களில் ஜப்பானில் ஒரு விநோதம். சீதபேதி நோயாளிகளின் உடலில் இருந்த ஷிகெல்லா பாக்டீரியா ஒரே நேரத்தில் பல மருந்துகளுக்கு அடங்கவில்லை. அதே நோயாளியின் இ-கோலியும் அப்படியே. ஒரு பாக்டீரியா தன் எதிர்ப்புத் திறனைப் பக்கத்தில் இருக்கும் வேறு இனத்துக்கே கைமாற்றி விடுகிறது என்று 1959-ல் அங்கே காட்டினார்கள். நமக்குப் புரியும்படி சொன்னால், பூட்டின் சாவிக்கு நகல் எடுத்து அடுத்த வீட்டுக்கும் கொடுப்பது மாதிரி.

இங்கேதான் எஷரிக்கின் ஊர் மறுபடி வருகிறது. 1989-ல், அதே ம்யூனிக்கில், காதில் சீழ் வந்த நான்கு மாதக் குழந்தையிடம் ஒரு இ-கோலி கிடைத்தது. அப்போது சக்தி வாய்ந்த புதிய மருந்தாக இருந்த செஃபோடாக்சிமை அது உடைத்துப் போட்டது. அந்த வேலையைச் செய்யும் நொதிக்கு சிடிஎக்ஸ்-எம் என்று பெயர். எம் என்றால் ம்யூனிக். இதில் சிடிஎக்ஸ்-எம்-15 என்ற வகை முதலில் அடையாளம் காணப்பட்டது டெல்லியில், 1999-ல் எடுத்த மாதிரிகளில். இன்று உலகத்தில் அதிகம் பரவியிருப்பது அதுதான்.

இது குழந்தைகளிடம் எவ்வளவு வேகமாகப் பரவியது? பொலிவியா, பெரு நகரங்களில் 3000-க்கும் மேற்பட்ட ஆரோக்கியமான குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். 2002-ல் இந்த வகைக் கிருமியைச் சுமந்தவர்கள் 0.1 சதவீதம். 2005-ல் மறுபடி அதே அளவு குழந்தைகளைப் பார்த்தபோது 1.7 சதவீதம். மூன்றே வருஷத்தில் 17 மடங்கு. எண்ணிக்கை சின்னது, ஏறிய வேகம்தான் பயமுறுத்துது.

அந்தக் குழந்தைகள் எல்லாரும் மருந்தை அள்ளிச் சாப்பிட்டவர்கள் இல்லை. எஷரிக் 1885-ல் சொன்னதை இங்கே வைத்துப் பாருங்கள். குழந்தையின் குடலில் குடியேறுவது சுற்றுப்புறத்தில் இருப்பதுதான். அம்மாவின் குடலில், பக்கத்து வீட்டுக் கழிவில், கோழிப் பண்ணையில், கலங்கிய குடிநீரில் எது நிறைந்திருக்கிறதோ அது கைக்கும் வாய்க்கும் வந்து சேரும். ஒரு ஊரில் மருந்துக்கு அடங்காத கிருமி பெருகிவிட்டால், அந்த ஊரில் நாளைக்குப் பிறக்கும் குழந்தைக்கு வேறு வகை கிடைக்க வாய்ப்பு குறைவு. பெற்றோர் எவ்வளவு ஜாக்கிரதையாக மருந்து கொடுத்தாலும், கழிவுநீர்க் குழாய் இல்லாத தெருவில் அந்த ஜாக்கிரதை பாதிதான் பலிக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்து வாங்குபவர்களை மட்டும் குறை சொல்லி முடித்துவிட முடியாத விஷயம் இது.

2019-ல் உலகம் முழுக்க மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக நேர்ந்த இறப்புகள் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதில் ஐந்தில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை. அதிகம் பேரைக் கொன்ற கிருமிகளின் பட்டியலில் முதலிடம் இ-கோலிக்கு.

ஒரு விஷயத்தைப் பெற்றோர் குழப்பிக்கொள்ள வேண்டாம். குடலில் இந்தக் கிருமி இருப்பதே நோய் இல்லை. ஆரோக்கியமான குழந்தைக்கு அதை அழிப்பதற்காக மருந்து கொடுப்பதும் இல்லை. கொடுத்தால் அடங்கும் கிருமிகள்தான் செத்துப்போகும், அடங்காதது இடம் கிடைத்து இன்னும் பெருகும். அந்தக் குழந்தைக்குச் சிறுநீர்த் தொற்றோ ரத்தத்தில் தொற்றோ வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். சிரப்பில் முடிய வேண்டிய சிகிச்சை ஊசிக்குப் போகும், வீட்டில் இருக்க வேண்டிய குழந்தை வார்டில் படுக்கும். எந்த மருந்து வேலை செய்யும் என்று சொல்லும் கல்ச்சர் டெஸ்ட் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த வசதியே இல்லாத சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் அனுமானத்தில்தான் மருந்தை ஆரம்பிக்கிறார்.