ஜோ லூயிஸின் அரியர்

குத்துச்சண்டை என்றால் நம்ம ஹாஸ்டலில் முகமது அலி மட்டும்தான். எனக்குப் பிடித்தவர் அவருக்கும் முந்தைய ஜோ லூயிஸ். 1914-ல் அமெரிக்காவின் அலபாமாவில், அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்கு உழுத கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். டெட்ராய்ட் தொழிற்பள்ளியில் மரவேலை படித்தவர் (ஆமாங்க, நம்ம ஆளு!). வயலின் கற்க அம்மா கொடுத்த காசை பாக்ஸிங்குக்குக் கட்டினார்.

தொழில்முறையில் தோல்வியே தெரியாதவரை 1936-ல் ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங் 12-வது ரவுண்டில் சாய்த்துவிட்டார். லூயிஸ் இடது கையால் குத்தியதும் அதைத் தாழ்த்துவார். அந்த இடைவெளியில் ஷ்மெலிங்கின் வலது கை இறங்கியது. பயிற்சி நேரத்தில் லூயிஸ் கோல்ஃப் ஆடப் போனாராம். ஸ்டடி ஹாலிடேஸில் சினிமாவுக்குப் போகிற நாம சிரிக்க முடியாது.

1937-ல் உலக சாம்பியன் ஆகியும் மனசு ஆறவில்லை. நம்ம பாஷையில் சொன்னால், ஷ்மெலிங் என்ற அரியர் பாக்கி இருந்தது.

1938 ஜூன் 22, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். சுமார் 70,000 பேர். ஹிட்லர் ஆட்சி ஷ்மெலிங்கைத் தன் இனப்பெருமைக்கு விளம்பரமாக்கியிருந்தது. கறுப்பர்களை ஒதுக்கி வைத்த நாட்டில் வெள்ளைக்காரர்களும் அன்று லூயிஸ் ஜெயிக்க வேண்டினார்கள். இதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

124 விநாடி. முதல் ரவுண்டிலேயே முடிந்தது.

ஷ்மெலிங்கும் கெட்டவரில்லை, நாஜிக் கட்சியில் சேராதவர். அதே ஆண்டு இரண்டு யூதச் சிறுவர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். பின்னாளில் வரிபாக்கியில் நொடித்துப்போன லூயிஸுக்குப் பணம் கொடுத்து உதவியதும் அவர்தான். 1981-ல் லூயிஸ் இறக்கும்வரை அந்த நட்பு நீடித்தது.