ராமன் கவர்மெண்ட் வேலையை எப்போது விட்டார்?

நம்ம ஊரில் கல்யாணப் பேச்சு என்றாலே வரும் கேள்வி, பையன் கவர்மெண்ட்டா பிரைவேட்டா என்பதுதான். கடல் தாண்டி வந்த பிறகும் அது நம்மை விடவில்லை. ஆட்குறைப்புச் செய்தி வரும்போதெல்லாம், பேசாமல் அன்றைக்கே பரீட்சை எழுதி ஊரில் ஒரு சர்க்கார் வேலையில் உட்கார்ந்திருக்கலாம் என்று என்னைப் போன்ற ஐடி இன்ஜினியர்கள் வாட்ஸ்அப்பில் புலம்புவோம். இங்கேயே வளர்ந்த பிள்ளைகளுக்கோ, அப்பா அம்மா ஏன் அரசாங்க வேலையைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள் என்றே புரிவதில்லை.

இந்தப் பேச்சு வரும்போது எனக்கு நினைவுக்கு வருபவர் சர் சி.வி. ராமன். நோபல் பரிசு வாங்கியவர் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் 10 வருஷம் அவர் அக்கவுண்ட்ஸ் ஆபீசராக இருந்தார் என்பது பல பேருக்குத் தெரியாது.

ராமன் 1888 நவம்பர் 7 அன்று திருச்சியில் பிறந்தார். அப்பா கல்லூரி ஆசிரியர். அவருக்கு விசாகப்பட்டினத்தில் வேலை கிடைத்ததால், பையன் அங்கே வளர்ந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ., எம்.ஏ. இரண்டிலும் முதலிடம். மாணவராக இருக்கும்போதே, 1906இல், அவருடைய ஆய்வுக் கட்டுரை லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்துவிட்டது. இன்றைக்கு என்றால் நேராக பிஎச்.டி.க்குக் கிளம்பியிருப்பார். அன்றைக்கு இந்தியாவில் ஆராய்ச்சியை நம்பிப் பிழைக்க வழி இல்லை. சீமைக்குப் போகலாம் என்றால், அந்தக் குளிரை உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அண்ணன் ஏற்கெனவே நிதித் துறையில் இருந்தார். தம்பியும் அதே பரீட்சையை எழுதி முதலாவதாக வந்தார். 1907இல், 18 வயதில், கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரல். அதே வருஷம் லோகசுந்தரி அம்மாளுடன் கல்யாணம். அன்றைய குடும்பங்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கல்கத்தாவில் 210, பௌபஜார் தெருவில் ஒரு சங்கம் இருந்தது. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் நன்கொடை திரட்டி 1876இல் ஆரம்பித்த அறிவியல் வளர்ச்சிச் சங்கம். கருவிகள் இருந்தன, ஆராய்ச்சி செய்யத்தான் ஆள் இல்லை. ராமன் போய்க் கேட்டார், கதவைத் திறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு விடியற்காலையில் ஆய்வகம், பகலில் கணக்கு ஆபீஸ், சாயங்காலம் மறுபடி ஆய்வகம், வீடு திரும்ப ராத்திரி ஆகிவிடும். ஆபீஸ் வேலையிலும் அவர் குறை வைக்கவில்லை. துறை அவரைக் கெட்டிக்கார அதிகாரி என்றுதான் மதித்தது.

சரி, அப்புறம் ஏன் விட்டார்? பலர் நினைப்பது போல வேலை பிடிக்காமல் போனதால் இல்லை. 1909இல் ரங்கூனுக்கு மாற்றினார்கள், பிறகு நாகபுரிக்கு. 1911இல்தான் கல்கத்தாவுக்குத் திரும்ப முடிந்தது. வேலை நிரந்தரம்தான். ஆனால் எந்த ஊரில் இருப்பது, பகல் பொழுதை எதற்குச் செலவிடுவது என்பதெல்லாம் துறையின் முடிவு. ஆராய்ச்சிக்காரருக்கு ஆய்வகம் இருக்கும் ஊரை விட்டுப் போவது என்றால் கையைக் கட்டிப் போடுகிற மாதிரி.

வக்கீல்கள் தாரக்நாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் இருவரும் கொடுத்த பெரும் நன்கொடையில், கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தர் அசுதோஷ் முகர்ஜி அறிவியல் கல்லூரி ஒன்றை உருவாக்கினார். பாலித் பெயரிலான பேராசிரியர் பதவிக்கு ராமனைக் கூப்பிட்டார். அரசாங்கத்தில் சம்பளம் மாதம் சுமார் 1,100 ரூபாய். இங்கே 600. வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ராமன் ஏற்கவில்லை. அவருக்காக அது தளர்த்தப்பட்டது. 1917இல், 28 வயதில், கிட்டத்தட்ட பாதிச் சம்பளத்துக்கு மாறினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கவில்லை. 10 வருஷம் சம்பளம் வாங்கினார், குடும்பத்தை நிலைநிறுத்தினார், ஓய்வு நேரத்திலேயே ஆய்வாளர் என்று பெயர் எடுத்தார். புது இடம் கையில் வந்த பிறகுதான் பழையதை விட்டார். அந்த 10 வருஷத்தை வீண் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவு கண்டறியப்பட்டது அதே பௌபஜார் தெரு ஆய்வகத்தில்தான். 1930இல் நோபல் பரிசு.

பிறகு 1933இல் பெங்களூர், டாடா நன்கொடையில் உருவான இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர் பதவி. அங்கே நிர்வாகத்தோடு உரசல், 1937இல் இயக்குநர் பதவி போனது. பேராசிரியராக மட்டும் தொடர்ந்தார். அரசாங்கம் இல்லாத இடத்திலும் மேலதிகாரிகள் உண்டு, அரசியல் உண்டு. கம்பெனியில் வேலை பார்க்கும் நமக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். 1948இல் ஓய்வு பெற்றதும் சொந்தமாக ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். அரசாங்கப் பணம் வாங்கினால் கூடவே நிபந்தனையும் வரும் என்று நிலையத்துக்கு மானியம் வாங்க மறுத்தார். நன்கொடை திரட்டினார். பழைய மாணவர் ஒருவரோடு 1943இல் தொடங்கியிருந்த கெமிக்கல் தொழிற்சாலையின் வருமானமும் கைகொடுத்தது. 1970 நவம்பர் 21 அன்று காலமானார். 1972 முதல் அந்த நிலையம் மத்திய அரசின் நிதியில்தான் நடக்கிறது.

இதிலிருந்து கவர்மெண்ட் மோசம், பிரைவேட் உசத்தி என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். ராமன் படித்த வீட்டுப் பிள்ளை. அப்பா பேராசிரியர், அண்ணன் அதிகாரி. விழுந்தால் தாங்க ஆள் இருந்தது. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கும் பிள்ளைக்கு அந்தத் தாங்கல் கிடையாது. இட ஒதுக்கீடும் பென்ஷனும் எத்தனையோ குடும்பங்களைத் தலை நிமிர வைத்திருக்கின்றன. அதனால்தான் அப்பா அம்மா அந்த வேலையைக் கும்பிடுகிறார்கள். அதைக் கேலி செய்யாதீர்கள்.

ஆனால் அவர்களும் ஒன்று கேட்கலாம். சம்பளம் எவ்வளவு, நிரந்தரமா என்பதோடு, ஆபீஸ் முடிந்த பிறகு பிள்ளைக்கு மிச்சம் இருக்கும் நேரம் எவ்வளவு, அதில் அவன், அவள் என்ன செய்ய ஆசைப்படுகிறார்கள் என்றும் கேளுங்கள். ராமனுக்கு அந்த மிச்ச நேரம்தான் பிழைப்பாகவே மாறியது. ஒரு வேலை அந்த நேரத்தைக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளலாம். அதையும் பிடுங்கினால், கையில் வேறு இடம் வந்ததும் கிளம்பலாம். ராமன் செய்ததும் அதுதான்.